கோடையில் ஒரு நார்டிக் தீவில் வேலையும் பார்த்துக்கொண்டு சொகுசாக விடுமுறை கழிக்க எப்படித் திட்டமிடுவது?

முதலில் எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள். வீடு, கப்பல், கார் எல்லாம் அதற்கு அப்புறம். மாதம் என்று சொல்லவில்லை, வாரம் என்றுதான் சொல்கிறேன். சுவீடன்காரர்கள் "ஜூலை நடுவில்" என்று பேசுவது அபூர்வம், "29வது வாரம்" என்பார்கள். நீங்களும் வார எண் போட்ட காலண்டர் ஒன்றைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தது சுவீடனின் கோட்லாந்து தீவும், அதன் வடக்கு முனையில் ஒட்டிக் கிடக்கும் ஃபோரோ என்ற சின்னத் தீவும்தான். (டென்மார்க்குக்குச் சொந்தமான ஃபாரோ தீவுகள் வேறு. அங்கே நான் போனதில்லை.) நீங்கள் எங்கிருந்து கேட்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஐடியில் இருப்பீர்கள், டீம் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும், இன்ஸ்டாகிராமில் கல்வீடும் கடலும் பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இப்போது வாரக் கணக்கு. ஜூன் 19க்கும் 25க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை மிட்சம்மர். அன்று நாடே கடையைச் சாத்திவிட்டுப் பூ சுற்றிய கம்பத்தைச் சுற்றி ஆடப் போய்விடும். ஜூன் கடைசியில் கோட்லாந்தின் முக்கிய ஊரான விஸ்பியில் அல்மெடாலன் வாரம். 1968இல், பின்னாளில் சுவீடன் பிரதமரான ஓலோஃப் பால்மே ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பேசியதில் தொடங்கிய அரசியல் திருவிழா அது. கட்சித் தலைவர்கள், பத்திரிகையாளர்கள், லாபிக்காரர்கள் என்று மொத்தக் கும்பலும் வந்து இறங்கும். அந்த வாரம் விஸ்பியில் அறை தேடாதீர்கள். 29வது வாரம் ஸ்டாக்ஹோம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஷாம்பெயின் பீய்ச்சி விளையாட வரும் வாரம். ஆகஸ்ட் தொடக்கத்தில், 32வது வாரம், இடைக்காலத் திருவிழா. ஊர்முழுக்கச் சங்கிலிக் கவசமும் நீள அங்கியுமாகத் திரிவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஜன்னலுக்குக் கீழே முரசு அடிக்கும்போது டீமோடு ஸ்பிரின்ட் ரிவியூ மீட்டிங் நடத்த முடியாது.

ஆக மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள். ஒன்று, ஜூன் தொடக்கத்திலிருந்து மிட்சம்மர் வரை. இன்னொன்று, இடைக்காலத் திருவிழா முடிந்ததிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. முதலாவதில் வெளிச்சம் இரவு 10 மணி வரை நிற்கும், ஆனால் கடல் தண்ணீர் எலும்பைக் குத்தும். இரண்டாவதில் தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் கூட்டம் போய்விடும், கூடவே பாதி உணவகங்களும் வார இறுதியில் மட்டும் என்று ஆகிவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவது. வேலை பார்க்கப் போகிறவருக்கு உணவகம் வாரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நாங்கள் போனது ஜூலையில். "ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவன் ஏன் ஜூலையில் போனான்" என்று கேட்க வருவீர்கள் என்று தெரியும். மனைவியின் அண்ணன் துபாயில் இருக்கிறார். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அவருக்கு அப்போதுதான். அவர் சொன்ன ஒரே நிபந்தனை: "செலவைப் பத்திக் கவலைப்படாத மாப்ளே, ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கணும்." ஃபோரோவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் வீடு எடுத்தோம். வாரத்துக்கு 24,000 குரோனர், சுமார் இரண்டு லட்சம் ரூபாய். அதை ஆளுக்குப் பாதி.

துபாய்ச் சொகுசு வேறு, இந்தச் சொகுசு வேறு என்பது மச்சானுக்கு முதல் மாலையிலேயே தெரிந்துவிட்டது. சாவி வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண்பூட்டுப் பெட்டியில் இருந்தது. வரவேற்க யாரும் இல்லை. மெத்தை பிரமாதம், தலையணை பிரமாதம், விரிப்பு மட்டும் இல்லை. இங்கே வாடகை வீட்டுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் நாமே கொண்டுபோவது வழக்கம். நாங்கள் கொண்டுபோயிருந்தோம், ஆனாலும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடைசி நாள் காலையில்தான் உச்சக்கட்டம். அலமாரிக் கதவின் உள்பக்கம் லேமினேட் செய்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. 10 மணிக்குள் வெளியேற வேண்டும், அதற்குமுன் ஃப்ரிட்ஜைத் துடைக்க வேண்டும், கணப்பிலிருந்து சாம்பலை அள்ள வேண்டும், தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், கழிவறையைக் கழுவ வேண்டும், குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். மச்சான் படித்துவிட்டு, "ஏன் மாப்ளே, இவ்ளோ காசையும் வாங்கிட்டு பாத்ரூமையும் நம்மளையே கழுவச் சொல்றானா?" என்றார்.

கூடுதலாகப் பணம் கட்டினால் ஆள் வந்து செய்வார்கள். ஆனால் ஜூலையில் எல்லா வீட்டுக்கும் வாரம் மாறுவது அதே சனிக்கிழமைதான், ஆள் கிடைக்காது. வீட்டை பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்கினால்தான் உண்டு. எங்கள் வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். ஆகவே துபாயில் முப்பது பேரை மேய்க்கிற மனுஷன், கையில் ஒரு காலி பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இளம்பச்சைக் கண்ணாடி நிறமில்லாததில் சேருமா நிறமுள்ளதில் சேருமா என்று என்னைக் கேட்டுக்கொண்டு நின்றார். (நிறமுள்ளதில்தான் சேரும்.) சும்மா சொல்லக் கூடாது, கழிவறையை அவர்தான் கழுவினார், என்னைவிட நன்றாகவே கழுவினார்.

இதையெல்லாம் நக்கலுக்குச் சொல்லவில்லை. கூலி அதிகமான நாடு, ஆள் வைத்து வேலை வாங்குவது இங்கே பணக்காரருக்கும் பழக்கமில்லை. நீங்கள் தரும் காசு எதற்குப் போகிறது என்றால், பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு, நல்ல சமையலறைக்கு, காலையில் யாருமில்லாத கடற்கரைக்கு. வேளாவேளைக்கு யாராவது வந்து கவனிக்க வேண்டும் என்றால் விஸ்பி கோட்டைச் சுவருக்குள் ஹோட்டல் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அறையில் மேசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

வேலை எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். இந்திய டீமோடு வேலை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். சென்னையில் காலை 10 மணி என்றால் இங்கே ஆறரை. அந்த மாதத்தில் நாலரைக்கே வெயில் அறைக்குள் வந்துவிடும், மெல்லிசான வெள்ளைத் திரை அதைத் தடுக்காது (கண்பட்டை கொண்டுபோங்கள்). இரண்டரை மணிக்குள் மடிக்கணினியை மூடினால் அதற்கப்புறம் இன்னொரு முழுப்பகல் பாக்கி இருக்கும். அமெரிக்க டீம் என்றால் கதை தலைகீழ். நியூயார்க் ஆறு மணி நேரம் பின்னால், மாலை முழுக்க மீட்டிங்கில் போய்விடும். சுவீடன் கம்பெனி என்றால் ஜூலையில் மடிக்கணினியை எடுத்துப்போவதே வீண். கோடையில் தொடர்ந்து நான்கு வாரம் விடுப்பு எடுப்பது இங்கே சட்டப்படி உரிமை, மெயிலுக்குப் பதில் போட ஆளே இருக்காது.

இணையம் விஷயத்தில் ஒரு சூட்சுமம். கோட்லாந்தில் கிராமத்துக்குக் கிராமம் ஊர்க்காரர்களே சங்கம் அமைத்து, தங்கள் நிலத்திலேயே குழி தோண்டி ஃபைபர் இழுத்திருக்கிறார்கள். அதனால் விளம்பரத்தில் "ஃபைபர் உண்டு" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் நிஜம்தான். ஆனால் கோடைக்கு மட்டும் திறக்கிற வீட்டில் ஃபைபர் சுவர் வரைக்கும் வந்து நிற்கும், மாதச் சந்தா இருக்காது. ஸ்பீட் டெஸ்ட் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். அடுத்து, அந்தக் கல்சுவரின் கனத்துக்கு மொபைல் சிக்னல் உள்ளே வராது. எனக்கு ஜன்னல் திட்டில் மட்டும்தான் வந்தது. அங்கே உட்கார்ந்து பேசினால் வேலிக்கு அந்தப் பக்கம் மேயும் ஆடுகளும் அழைப்பில் சேர்ந்துகொள்ளும். "சார், உங்க பக்கம் ஆடு கத்துதா?" என்று டெஸ்டிங் தம்பி ஒருநாள் கேட்டான். ம்யூட் பட்டனில் விரல் வைத்தபடியே உட்கார வேண்டியதாகிவிட்டது. ப்ரீபெய்ட் சிம் வாங்கினால் 2022 ஆகஸ்டிலிருந்து அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

போய்ச் சேருவது எளிது. ஸ்டாக்ஹோமிலிருந்து நீனஸ்ஹாம்ன் வரை மின்சார ரயில், அங்கிருந்து விஸ்பிக்குக் கப்பல் மூன்றேகால் மணி நேரம். ஆளுக்கு இடம் கிடைத்துவிடும், காருக்குத்தான் கிடைக்காது. கார் டிக்கெட் கையில் வந்தபிறகு வீட்டுக்குப் பணம் கட்டுங்கள். கார் இல்லாமல் வடக்கே இருக்க முடியாது. கோட்லாந்திலிருந்து ஃபோரோவுக்குப் போகும் மஞ்சள் படகு இலவசம், பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஜூலைப் பகலில் அதற்கு நிற்கும் வரிசை சோதனை. ஃபோரோவில் வங்கி, மருத்துவமனை எதுவும் கிடையாது. பனிப்போர் காலத்தில் ராணுவப் பகுதி என்று வெளிநாட்டினரையே உள்ளே விடாத தீவு அது. சுவீடன் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மன் பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்து 2007இல் அங்கேயே இறந்தார். அவருடைய வீடுகளில் இப்போது கலைஞர்களும் எழுத்தாளர்களும் தங்கி வேலை செய்கிறார்கள். நீங்கள் எழுதுகிறவர் என்றால் அதற்கு விண்ணப்பித்துப் பாருங்கள்.

நீச்சல்குளம் உள்ள வீடு என்று மயங்காதீர்கள். தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல், மேலே மெல்லிசாக மண். பெய்கிற மழை தங்காது. 2016இல் தண்ணீர்ப் பஞ்சம் முற்றி, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள். வறண்ட கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும் குளம் நிரப்பவும் தடை போட்டுவிடுவார்கள். லாரித் தண்ணீரில் வளர்ந்த சென்னைக்காரனான எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. மச்சான் பிள்ளைகளுக்குத்தான் இரண்டு நிமிடத்தில் குளித்து வரச் சொன்னது பெரிய அநியாயமாகப் பட்டது.

சாப்பாடு: சைவம் விஸ்பியில் கிடைக்கும், கிராமத்தில் கஷ்டம், சமைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, பச்சைமிளகாயை ஸ்டாக்ஹோமிலேயே வாங்கிப் போய்விடுங்கள். ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். பால்சோற்றில் குங்குமப்பூ, பாதாம், முட்டை சேர்த்து ஓவனில் வேகவைத்து, மேலே ஒருவகைக் கருநீலப் பழ ஜாமும் அடித்த க்ரீமும் வைத்துத் தருவார்கள். முட்டை இருப்பதால் சுத்த சைவருக்கு ஆகாது. மது வாங்கப் பெரும்பாலும் அரசுக் கடைதான், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள், ஞாயிறு திறக்கவே மாட்டார்கள். புல்லில் நடந்துவிட்டு வந்தால் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

விசா. இங்கே ஜாக்கிரதையாக எழுதுகிறேன், ஏனென்றால் "நீ சொன்னதைக் கேட்டுத்தான்" என்று யாரும் வந்து நிற்கக் கூடாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசா 180 நாளில் 90 நாள் தங்க அனுமதிக்கும், வேலை செய்யும் அனுமதி அல்ல. வெளிநாட்டு வேலையை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டு தங்குகிறவர்களுக்கான டிஜிட்டல் நாடோடி விசா என்று சுவீடனில் ஒன்று கிடையாது. ஐஸ்லாந்தில் உண்டே என்பீர்கள். மாதம் பத்து லட்சம் ஐஸ்லாந்து குரோனா வருமானம் கேட்பது ஒருபுறம் இருக்க, அது ஷெங்கன் விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கு மட்டும். நமக்கு இல்லை. யூடியூபில் பட்டியல் போடுகிறவர்கள் இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். என் மாதிரி இங்கேயே வேலை அனுமதியோடு இருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. மச்சான் முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

"இரண்டு லட்சம் கொடுத்து ஒரு வாரமா, காசுத் திமிர்" என்று எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாக்ஹோமில் நகராட்சி வாடகை வீட்டு வரிசையில் பெயர் பதிந்து வருடக்கணக்காகக் காத்திருக்கிறேன். நல்ல பகுதியில் வீடு வேண்டுமென்றால் பிறந்தவுடன் பதிந்திருக்க வேண்டும் போல. அதுவரை யாரோ எடுத்த வீட்டில் உள்வாடகை. ஒப்பந்தம் ஒரு வருடம்தான், முடிந்ததும் அட்டைப்பெட்டியைத் தூக்கு. கடைசியாக இருந்த வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மீன் பொரிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். மீன் வாடைக்கும் குடியிருப்புச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஃபோரோ வீட்டுத் தாளில் மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் மனைவி அங்கே தினமும் மீன் பொரித்தாள்.

உங்கள் டீமின் நேரத்தையும், யோசித்திருக்கும் வார எண்ணையும் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். விசா சந்தேகத்தை மட்டும் தூதரகத்திடமே கேளுங்கள்.