படித்த நாட்டில் வெண்ணெய்த் திருட்டு

கேள்வி: அயர்லாந்து கிராமங்களில் மே முதல் தேதியன்று யார் கேட்டாலும் பாலோ நெருப்போ கொடுக்க மாட்டார்களாமே? படித்த நாட்டில் இப்படியா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: படிப்பை ஏன் இழுக்கிறீர்கள்? பாட்டிமார் சொன்னதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே எழுதி வாங்கிய நாடு அது. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதினார்கள். அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் செய்வித்த வேலை. நீங்கள் கேட்ட மே மாத வழக்கங்களும் அந்த நோட்டுகளில் இருக்கின்றன.

மே முதல் தேதி விடியுமுன் பக்கத்து வீட்டுப் புல்வெளியில் துணியை இழுத்துப் பனித்துளியை எடுத்துப்போனால், அந்த வீட்டு வெண்ணெய் முழுக்க எடுத்தவளுக்குப் போய்விடும் என்று நம்பினார்கள். அன்று பாலோ நெருப்போ வீட்டை விட்டுப் போனாலும் அதே கதிதான் என்று பயந்துதான் கொடுக்க மறுத்தார்கள். சூனியக்காரி முயலாக மாறி மாட்டின் மடியில் பால் குடிப்பாள் என்றும் பயம். மே மாதம் புல் தழைத்துப் பால் பெருகும் காலம். வெண்ணெயை விற்றுத்தான் பல ஏழைக் குடியானவர்கள் குத்தகை கட்டினார்கள். கடையக் கடைய வெண்ணெய் திரளாவிட்டால் நிலமே கைவிட்டுப் போகலாம். அந்தப் பயத்தைப் பார்த்து என்னால் சிரிக்க முடியாது.

ஆனால் பழி யார் தலையில் விழுந்தது? பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கிழவியின் தலையில். இதனால்தான், எந்தச் சடங்கைப் பற்றி எழுதினாலும் "இதற்குள் அறிவியல் இருக்கிறது" என்று எனக்குக் கடிதம் போடுகிறவர்களோடு ஓயாமல் சண்டை போடுகிறேன். 1895 மார்ச்சில் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜட் கிளியரி என்ற தையல்காரப் பெண்ணை, "இவள் என் மனைவி இல்லை, தேவதைகள் அவளைத் தூக்கிப்போய், பதிலுக்கு மாற்றி வைத்த உரு" என்று சொல்லிக் கணவனே எரித்தான். பீப்பாய் செய்யும் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரிந்தவன். உறவினர்களும் வீட்டில் இருந்தார்கள். இதில் எந்த அறிவியலைத் தேடுவது?

வெண்ணெய்ப் பயத்தோடு ஒட்டிய ஒரு வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கும். கடைந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும், நிலச்சுவான்தாரே ஆனாலும், மத்தைப் பிடித்து நாலு முறை இடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மறுத்தால் வெண்ணெயைத் திருட வந்தவர் என்று சந்தேகிப்பார்கள். வீட்டுப் பெண்ணின் கை வலி கொஞ்சமாவது குறைந்திருக்கும்.