மின்னோட்டம் ஓடுகிறது, அசிட்டேட் மட்டும் சேரவில்லை

நுண்ணுயிர்களைக் கொண்டு மின்சாரத்தால் கரியமில வாயுவை அசிட்டேட்டாக (அசிட்டிக் அமிலத்தின் உப்பாக) மாற்றும் உங்கள் கலத்தில், கேத்தோடில் (எதிர்மின்முனையில்) மின்னோட்டம் ஓடியும் அசிட்டேட் சேரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு மின்சுற்று காரணமாக இராது. நீங்கள் இட்ட பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரிச் சேற்றோடு வந்த, மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் எலக்ட்ரான்களைத் தின்றுவிடுகின்றன என்றே கருதுகிறேன். ஒரு மூலக்கூறு அசிட்டேட்டுக்கும் ஒரு மூலக்கூறு மீத்தேனுக்கும் 8 எலக்ட்ரான்களே தேவை என்பதால், மின்னோட்டத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது.

கலத்தின் மேல்வெளியில் சேரும் வாயுவை ஊசியால் எடுத்து வாயு குரோமட்டோகிராஃபியில் (கலவையிலுள்ள வாயுக்களைப் பிரித்தறியும் முறையில்) பாருங்கள். மீத்தேன் தென்பட்டால், மீத்தேன் நுண்ணுயிர்களைத் தடுக்கும் புரோமோஈத்தேன்சல்ஃபோனேட் சேர்த்து, ஒரு வாரம் கழித்து அசிட்டேட்டை மீண்டும் அளவிடுங்கள். சேற்றை முன்கூட்டியே சூடாக்குவதும் உண்டு; மீத்தேன் நுண்ணுயிர்கள் அதில் மடிய, வித்துகளை (வெப்பம் தாங்கும் உறக்கநிலை உருக்களை) உருவாக்கும் அசிட்டேட் நுண்ணுயிர்கள் தப்பிக்கும்.

மீத்தேன் இல்லாமல் ஹைட்ரஜன் மட்டுமே குமிழியிட்டால் என் ஊகம் தவறு. அப்போது கேத்தோடின் மின்னழுத்தத்தைச் சரிபாருங்கள்: ஒப்பீட்டுக்கு வைக்கும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனை காட்டும் எண், மின்னழுத்தங்களைக் குறிக்கும் பொது அளவான நியம ஹைட்ரஜன் அளவிலிருந்து ஏறத்தாழ 0.2 வோல்ட் விலகும். நானே ஒருமுறை அதில் ஏமாந்தேன்.