வயதுக்கு முன்பே மகரந்தம் சுமக்கும் தேனீக்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பெங்களூரு ஆனேக்கல் பக்கம் பூசணியும் கொய்யாவும் பயிரிட்டு, கூடவே சில பெட்டிகளில் அடுக்குத் தேனீ வளர்க்கிறேன். நன்றாகப் பெருகியிருந்த ஒரு பெட்டியைச் சென்ற மாதம் இரண்டாகப் பிரித்தேன். புதுப் பெட்டியில் விட்ட முதிய தேனீக்கள் பழைய இடத்துக்கே பறந்துவிட, இளம் தேனீக்கள் மட்டுமே மிஞ்சின. ஆனாலும் பத்து நாளுக்குள் அவற்றில் சில மகரந்தம் கொண்டுவரத் தொடங்கிவிட்டன. பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் மருந்தடித்த பிறகு இன்னொரு பெட்டியிலும் இதேபோல் இளம் தேனீக்கள் வெளியே போகின்றன. அந்தப் பெட்டியோ நாளுக்கு நாள் மெலிகிறது. மூன்று வாரம் ஆன பிறகுதான் தேனீ வெளியே போகும் என்று பயிற்சியில் சொன்னார்களே? தேன் எடுக்கும் வேலை சில தேனீக்களுக்குப் பிறவியிலேயே அமைந்ததா? அப்படியானால் அந்த வம்சத்தை மட்டும் பெருக்கினால் தேன் கூடுமா?

பதில்: தாங்கள் கவனித்தது முற்றிலும் சரி. இரண்டு பெட்டிகளிலும் நடந்திருப்பது ஒன்றேதான். ஆனால் முதலாவது தானே தேறிவிடும், இரண்டாவதைத் தாங்கள் உடனே கவனிக்க வேண்டும். வேலைக்காரத் தேனீக்களில் தேன் சேகரிப்பவை ஒரு வம்சம், புழு வளர்ப்பவை வேறொரு வம்சம் என்று இல்லை. ஒரே தேனீதான் வயது ஏற ஏற வேலை மாறுகிறது. பயிற்சியில் சொன்ன மூன்று வாரம் என்பது குடும்பம் நிறைவாக இருக்கும் காலத்துக்கான சராசரிக் கணக்கே தவிர, மீற முடியாத விதி அன்று.

பெட்டியில் புழுக்கள் வளரும் பகுதியிலிருந்து, அடை கட்டிய ஒரு மரச் சட்டத்தை எடுத்து, வெயில் தங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும்படி பிடித்துப் பாருங்கள். உடல் முழுவதும் வெளிறிய மென்மயிர் அடர்ந்த தேனீக்கள் அடையின் சிற்றறைகளுக்குள் தலையை நுழைத்து நிற்கும். அவை விலகியதும் அறையின் அடியில் சிறு புழு வெண்ணிறக் கூழில் மிதப்பது தெரியும். அந்தக் கூழ், இளம் தேனீயின் தலைக்குள் இருக்கும் பால் சுரப்பிகளில் ஊறுவது. மயிர் உதிர்ந்து, உடல் பளபளத்து, இறக்கை ஓரம் கிழிந்து காணப்படுபவை வெளி வேலைக்குப் போய்வருபவை. அவற்றின் அதே சுரப்பிகள் சுருங்கி, கூழுக்குப் பதிலாக மலர்ச்சாற்றின் சர்க்கரையை உடைத்துத் தேனாக்கும் நொதியைச் சுரக்கின்றன. உடலே மாறுகிறது என்றால், உள்ளே மரபணுக்கள் இயங்கும் விதமும் மாறியிருக்க வேண்டும் அல்லவா?

அதைத்தான் ஆய்வுகள் காட்டின. 2002-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, பழ ஈக்களில் முன்பே அறியப்பட்டிருந்த ஒரு மரபணுவைத் தேனீயில் தேடியது. பழ ஈயில் அந்த மரபணுவின் ஒரு வடிவத்தைப் பெற்றுப் பிறந்தவை இரை தேடி அதிகம் அலையும். மற்றொரு வடிவத்தைப் பெற்றவை அதிகம் அலையாமல் அருகிலேயே மேயும். அங்கே வேறுபாடு பிறவியில் வருகிறது. தேனீயில் அப்படி அன்று. எல்லா வேலைக்காரத் தேனீக்களிடமும் இருக்கும் அந்த மரபணு, புழு வளர்க்கும் பருவத்தில் மூளையில் குறைவாகவும் மலர் தேடும் பருவத்தில் கூடுதலாகவும் இயங்குகிறது. வயதுக்கு முன்பே வெளியேற நேர்ந்த இளம் தேனீக்களிலும் அதன் இயக்கம் உயர்ந்தே இருந்தது. ஆகவே அது எண்ணுவது வயதை அன்று, வேலையை. மறு ஆண்டு வெளியான ஆய்வில், சோதித்த சுமார் 5,500 மரபணுக்களில் 39 விழுக்காடு இவ்விரு வேலைக்காரர்களின் மூளைகளுக்கிடையே வேறுபட்டு இயங்கின. மூளையின் மரபணு இயக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தத் தேனீ எந்த வேலையில் இருந்தது என்பதை 60 தேனீக்களில் 57-க்குச் சரியாகச் சொல்ல முடிந்தது. இவை இத்தாலியத் தேனீயை உள்ளடக்கிய ஐரோப்பிய இனத்தில் செய்த ஆய்வுகள். ஆனால் வயதோடு வேலை மாறும் வழக்கம் நம் அடுக்குத் தேனீக்கும் உண்டு.

இந்த மாற்றத்தின் கடிவாளம் இரண்டு பொருள்களிடம் இருக்கிறது. ஒன்று, இளம் தேனீயின் உடலில் மிகுந்திருக்கும் வைட்டல்லோஜெனின் என்னும் புரதம். மற்றொன்று ஜுவனைல் ஹார்மோன். முன்னது மிகுந்திருக்கும் வரை பின்னது தாழ்ந்திருக்கும், தேனீ கூட்டுக்குள்ளேயே வேலை செய்யும். புரதம் குறையத் தொடங்கினால் ஹார்மோன் எழுந்து தேனீயை வெளியே தள்ளும். வைட்டல்லோஜெனின் மரபணுவைச் செயற்கையாக அடக்கிய தேனீக்கள் சீக்கிரமே வெளியேறின. அவற்றின் ஆயுளும் குறைந்தது.

தாங்கள் பிரித்த பெட்டிக்கு வருவோம். வெளியே போய்வரும் முதிய தேனீக்களின் உடலில் எத்தில் ஓலியேட் என்னும் பொருள் உண்டாகிறது. அது இளையவற்றுக்குச் சென்று சேர்ந்து, அவை வெளி வேலைக்கு முதிர்வதைத் தாமதப்படுத்துகிறது. முதியவை பழைய இடத்துக்குப் பறந்துபோன அன்றே புதுப் பெட்டியில் அந்தத் தடை நீங்கிவிட்டது. இளையவற்றுள் சில முன்னதாகவே முதிர்ந்து கிளம்பின. குடும்பம் தன் பசியைத் தானே தீர்த்துக்கொள்ளும் வழி இது. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது பெட்டியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அங்கே முதியவை இடம் மாறவில்லை, மருந்தில் மடிந்துவிட்டன. அவற்றின் இடத்துக்குக் கிளம்பும் இளையவை நெடுநாள் தாங்குவதில்லை. வயதுக்கு முன்பே வெளியேறிய தேனீக்கள் குறைந்த தடவையே மலருக்குப் போய்வருகின்றன, விரைவில் இறக்கின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவை இறக்க, இன்னும் இளையவை கிளம்புகின்றன. புழுக்களைச் சூட்டில் வைத்துக் காக்கவும் கூழ் ஊட்டவும் ஆள் குறைகிறது. புழு அறை 35 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் இருக்க வேண்டும். ஆனேக்கலின் மார்கழிக் குளிரில் மெலிந்த குடும்பத்தால் அதைக் காக்க முடியாது. நாளுக்கு நாள் மெலிகிறது என்று தாங்கள் எழுதியதன் காரணம் இதுவே.

சக்கரம் பின்னோக்கியும் சுழலும் என்பது நமக்கு ஆறுதல். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், முதியவை வெளியே சென்றிருந்த நேரம் பார்த்துக் கூட்டிலிருந்த செவிலித் தேனீக்களை, அதாவது புழு வளர்ப்பவற்றை, அகற்றினார்கள். திரும்பி வந்தவற்றுள் ஒரு பகுதி மீண்டும் புழு வளர்க்கத் தொடங்கியது. டி.என்.ஏ. மீது மரபணுக்களின் இயக்கத்தோடு தொடர்புள்ள வேதிக் குறிகள் உண்டு. இரு வேலைகளுக்கும் இடையே அக்குறிகள் வேறுபடும் இடங்களுள் 57-இல், மீண்டும் புழு வளர்த்த தேனீக்களின் குறிகள் பழைய செவிலி நிலைக்கே மாறியிருந்தன.

அடுத்து, வம்சத்தைப் பற்றிய கேள்வி. பிறப்புக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். இராணித் தேனீ பத்துக்கு மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் கூடுகிறது. ஆகவே ஒரு பெட்டியிலுள்ள தேனீக்கள் ஒரு தாய்க்கும் பல தந்தையருக்கும் பிறந்தவை. ஒரு தந்தையின் மக்கள் வாயிற்காவலில் முந்துவார்கள், மற்றொருவரின் மக்கள் இறந்தவற்றை அகற்றுவதில் முந்துவார்கள். மகரந்தத்தை மிகுதியாகச் சேர்க்கும் குடும்பங்களையே தேர்ந்து பெருக்கிய அமெரிக்க ஆய்வாளர்கள், சில தலைமுறைகளிலேயே பெரிய வேறுபாட்டைக் கண்டார்கள். ஆனால் அந்த வழியில் வந்த தேனீக்கள் இளவயதிலேயே வெளியேறவும் செய்தன. காரணம் வேறானாலும், அத்தகைய அவசரத்தின் விளைவைத்தான் தங்கள் இரண்டாவது பெட்டியில் பார்க்கிறீர்கள். சில பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒரே இராணியின் வழியை மட்டும் பெருக்கினால் தந்தையரின் பன்மை சுருங்கும். குளிர், நோய், பஞ்சம் என்று எது வந்தாலும் குடும்பம் ஒரேயடியாகச் சாயும். ஆகவே அதற்கு முயல வேண்டாம். சாந்தமாக இருக்கும், நோய் தாங்கும், நன்றாகத் தேன் வைக்கும் இரண்டு மூன்று குடும்பங்களிலிருந்து இராணிகளை எடுத்து, அக்கம்பக்கத்து வளர்ப்போரிடமும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மெலியும் பெட்டிக்கு, வலுவான பெட்டியிலிருந்து மூடிய புழு அறைகள் நிறைந்த ஒரு சட்டத்தைத் தேனீக்களை உதறிவிட்டு மாலையில் மாற்றி வையுங்கள். அதிலிருந்து வெளிவருபவை செவிலியராகவே வேலையைத் தொடங்கும். மாற்றும் முன் அந்த வலுவான பெட்டியின் புழு அறைகளைக் கவனமாகப் பாருங்கள். தலை தூக்கி, தோல் பை போலாகிக் கிடக்கும் புழு ஒன்று தென்பட்டாலும் சட்டத்தைத் தொடாதீர்கள். அது 1991-92-இல் தென்னிந்தியாவில் எண்ணற்ற அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்த தாய் சாக்புரூட் வைரஸ் நோயாக இருக்கலாம். வாயிலைச் சிறிதாக்கி, ஒரு பங்கு நீருக்கு ஒரு பங்கு சர்க்கரை சேர்த்த பாகை மாலையில் உள்ளேயே வையுங்கள். இளையவை உணவுக்காக வெளியேற வேண்டிய நெருக்கடி அதனால் குறையும்.

இனி பெட்டியைப் பிரிக்கும்போது, புதுப் பெட்டியை இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இரண்டு வாரம் வைத்திருந்து பிறகு கொண்டுவாருங்கள். அதற்கு இடமில்லையென்றால் பழைய பெட்டி இருந்த இடத்தின் இருபுறமும் சம தூரத்தில் இரு பெட்டிகளையும் வையுங்கள். திரும்பி வரும் முதியவை இரண்டிலும் பிரிந்து புகும்.

தக்காளித் தோட்டக்காரரிடம் நேரில் பேசுங்கள். தங்கள் பூசணிப் பூக்கள் விடிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடுகின்றன. முதுகில் மஞ்சள் தூள் அப்பியபடி தேனீக்கள் திரும்புவதும் அந்த நேரத்தில்தான். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் போன்ற பூச்சிமருந்துகளைப் பூக்கும் பருவத்தில் தவிர்க்கவும், தெளித்தே ஆக வேண்டிய மருந்தைப் பொழுது சாய்ந்த பின் தெளிக்கவும், முதல் நாளே தங்களுக்குச் சொல்லவும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் நாளில், இருட்டிய பின் ஈரச் சாக்கினால் பெட்டிகளை மூடி, மறுநாள் வெயில் ஏறும் முன் காற்றோட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.