முந்திரிக்கொட்டைத் தலைப்புகள்

பழைய நாளிதழ்களின் தலைப்புகளையும் அவற்றால் விளைந்தவற்றையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: தேர்தலில் தோற்றுவிட்டதாகத் தலைப்பிட்ட நாளிதழை, வென்றவரே தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய தவறு எப்படி நேர்ந்தது? – ஒரு வாசகர், மதுரை

பதில்: படத்தில் சிரிப்பவர் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன், கையில் இருப்பது 1948 நவம்பர் 3 தேதியிட்ட ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’. ‘ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி’ என்று முதல் பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தலைப்பு. டூயி, அந்தத் தேர்தலில் ட்ரூமனை எதிர்த்து நின்றவர். அந்த நாளிதழுக்கு ட்ரூமனைப் பிடிக்காது என்பது ஊரறிந்த சங்கதிதான் என்றாலும், வெறுப்பு மட்டும் செய்த வேலையன்று அது. அச்சுக்கோப்பவர்கள் ஏறத்தாழ ஓராண்டாக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அதனால் செய்திகளைத் தட்டச்சு செய்து, அந்தத் தாள்களிலிருந்து அச்சுத் தகடு தயாரிக்க வேண்டியிருந்தது. முதல் பதிப்பின் பக்கங்களை வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே முடித்தாக வேண்டும். வாக்கு எண்ணிக்கை சூடு பிடிக்கும் முன்பே தலைப்பு எழுத வேண்டிய நெருக்கடியில், ஆசிரியர் குழு வாஷிங்டனில் இருந்த மூத்த செய்தியாளர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கின் வாக்கை நம்பியது. இருபது ஆண்டுகளில் நடந்த ஐந்து அதிபர் தேர்தல்களில் நான்கின் முடிவை முன்கூட்டியே சரியாகச் சொன்னவர் அவர். தவறிப்போன அந்த ஒன்றைப் பற்றி அன்றிரவு யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ‘நியூஸ்வீக்’ இதழ் கருத்துக் கேட்ட 50 அரசியல் செய்தியாளர்களில் 50 பேருமே டூயிதான் வெல்வார் என்றார்கள். கருத்துக்கணிப்பில் பேர்பெற்ற காலப் நிறுவனமோ, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்பது போலத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே கணிப்பை நிறுத்திவிட்டது. சுமார் 1,50,000 பிரதிகள் அச்சாகி வெளியேறின. விடிந்து பார்த்தால், அதிபரை முடிவு செய்யும், மாநிலங்களின் சார்பிலான தேர்வாளர் வாக்குகள் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189. ரயிலில் தலைநகர் திரும்பும் வழியில், நவம்பர் 4 அன்று செயின்ட் லூயிஸ் நிலையத்தில், ஒரு நாள் பழையதாகிவிட்ட அந்தப் பிரதியைக் கையில் எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார் ட்ரூமன்.

அமெரிக்கர்கள் தங்கள் தவறை வாய்விட்டு ஒப்புக்கொள்வதைக் ‘காக்கைக் கறி தின்பது’ என்பார்கள். ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ், செய்தியாளர்களுக்கும் கணிப்பாளர்களுக்கும் காக்கைக் கறி பரிமாறும் விருந்து ஒன்றுக்கு அதிபரையே அழைத்தது. அவர் நயமாக மறுத்துவிட்டார். நாம் காக்கைக்குச் சோறு வைக்கிறவர்கள், அவர்கள் காக்கையையே சோற்றோடு வைக்கப் பார்த்தவர்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ‘ட்ரிப்யூன்’ நிர்வாகமும் பிற்காலத்தில் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்ளப் பழகி, அந்தத் தலைப்பைப் பொறித்த பட்டயம் ஒன்றை 25ஆம் ஆண்டு நிறைவில் ட்ரூமனுக்கு வழங்கத் திட்டமிட்டிருந்தது. ஆனால் 1972 டிசம்பர் 26 அன்று அவர் காலமாகிவிட்டார். அச்சடிப்பதில் முந்தியவர்கள் பரிசளிப்பதில் பிந்திவிட்டார்கள்.

கேள்வி: அறிவியல் செய்திகளிலும் இப்படிப்பட்ட முந்திரிக்கொட்டைத்தனம் உண்டா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: அங்கேதான் அதிகம். 1903 அக்டோபர் 9 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட ‘பறக்காத பறக்கும் இயந்திரங்கள்’ என்ற தலையங்கம், உண்மையில் பறக்கும் இயந்திரம் உருவாகப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் வரை ஆகலாம் என்று கணக்குப் போட்டது. ரைட் சகோதரர்களுக்கு ஆனது 69 நாட்கள். டிசம்பர் 17 அன்று அவர்கள் பறந்துவிட்டார்கள். மறுநாள் ‘விர்ஜீனியன் பைலட்’ என்ற நாளிதழ், அந்த இயந்திரம் எதிர்காற்றில் மூன்று மைல் பறந்ததாகத் தலைப்பிட்டது; அன்றைய மிக நீண்ட பறத்தல் 59 வினாடிகளில் 852 அடி மட்டுமே. ஒருவர் ஒரு கோடி ஆண்டு தள்ளிப்போட, இன்னொருவர் சில நூறு அடியை மூன்று மைலாக இழுத்துவிட்டார்.

பறத்தலில் சூடு கண்ட ‘டைம்ஸ்’ விண்வெளியில் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். 1920 ஜனவரி 13 அன்று, வெற்றிடத்தில் ராக்கெட் இயங்கும் என்ற பேராசிரியர் ராபர்ட் காடர்டுக்கு உயர்நிலைப் பள்ளிப் பாடம்கூடத் தெரியவில்லை என்று அது எள்ளி நகையாடியது. ராக்கெட் உந்துவதற்குக் காற்று ஏதும் வேண்டியதில்லை, தான் வெளித்தள்ளும் வாயுவே போதும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. பாடத்தைத் தவறவிட்டவர் பேராசிரியர் அல்லர். அந்தக் கேலிக்குப் பிறகு பத்திரிகைகளிடமிருந்து ஒதுங்கிய காடர்டு, 1926இல் திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதலாகச் செலுத்தியபோதும் பறைசாற்றிக்கொள்ளவில்லை. 1969 ஜூலை 17 அன்று, அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது, பிழைக்கு வருந்துவதாக ‘டைம்ஸ்’ திருத்தம் வெளியிட்டது. காடர்டு இறந்து அப்போது ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி: தெரிந்தே பொய்த் தலைப்பிட்டு யாராவது பிழைத்திருக்கிறார்களா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நன்றாகவே பிழைத்திருக்கிறார்கள். 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் ‘சன்’ நாளிதழ், வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் நிலவில் வௌவால் சிறகுள்ள மனிதர்களைக் கண்டுபிடித்ததாக ஆறு பகுதிகளாகத் தொடர் எழுதியது. தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, தன் விற்பனை 19,360 பிரதிகள் என்று அது மார்தட்டியது. பொய் என்று அம்பலமான பின்பும் மறுப்பு வெளியிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் தொலைநோக்கியும் தானுமாக இருந்த ஹெர்ஷலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. வௌவால் மனிதர்களைப் பற்றி விசாரித்தவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைதான் அவருக்கு மிச்சம்.

கேள்வி: எல்லாத் தவறும் சிரிப்புக்குரியதா? – ஒரு வாசகி, கோவை

பதில்: இல்லை. 1912 ஏப்ரல் 15 மாலை, ‘டைட்டானிக் பயணிகள் அனைவரும் மீட்பு’ என்று நியூயார்க்கின் ‘ஈவினிங் சன்’ தலைப்பிட்டபோது, கப்பல் மூழ்கி மணிக்கணக்காகியிருந்தது. சுமார் 1,500 பேர் இறந்துபோயிருந்தார்கள்.

கேள்வி: நீங்களும் நாளிதழில் இருந்தவர்தானே? உங்கள் கைவரிசை ஏதும் உண்டா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேட்டுவிட்டீர்கள். நான் உதவி ஆசிரியராக இருந்த மாலை நாளிதழில், ஓர் ஐப்பசி மாத அடைமழையின்போது, ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தேன். நகரத்தில் அது சரியான செய்தி. ஆனால் வெளியூர்ப் பிரதிகள் இரவு பஸ்ஸில் ஏறி மறுநாள் காலையில்தான் கடைகளில் தொங்கும் என்பது என் நினைவுக்கு வரவில்லை. விடுமுறை நாளன்றே அதைப் படித்த ஒரு சிற்றூரின் பிள்ளைகள், தலைப்பில் இருந்த ‘நாளை’யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வெயில் அடித்த மறுநாளும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த ஊர்த் தலைமையாசிரியர் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தை ஆசிரியர் என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் ‘நாளை’ என்று எழுதினால் பக்கத்திலேயே கிழமையையும் எழுதியாக வேண்டும்.