மாஸும் பெரணியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் ஒன் படிக்கிறேன். சுவரில் பச்சையாகப் படரும் மாஸுக்கும் பெரணிக்கும் பூவும் இல்லை, விதையும் இல்லை. பிறகு ஏன் தனித்தனிப் பிரிவு? பெந்தம்–ஹூக்கர் விதைத் தாவர வகைப்பாடு பழையது என்கிறார்களே, அதை ஏன் படிக்க வேண்டும்? பிரிவுகளை நீட் தேர்வுக்கு நினைவில் வைக்கக் குறுக்குவழி உண்டா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

நீரையும் உணவையும் கடத்தும் சைலமும் புளோயமும் பெரணிக்கு உண்டு, மாஸுக்கு இல்லை. பெந்தமும் ஹூக்கரும் கனி மூடாத விதை தரும் ஜிம்னோஸ்பெர்ம்களை இருவித்திலைக்கும் ஒருவித்திலைக்கும் நடுவே வைத்தது இன்று நிற்காது. ஆனாலும் படி. செடிகளை நேரில் பார்த்து எழுதியவர்கள் அவர்கள்.

குறுக்குவழி கேட்டாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இடவப்பாதி மழை பிடித்ததும் உங்கள் ஊர்க் கிணற்றுச் சுவரெல்லாம் மாஸ். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "ஃபுனேரியா, பிரையோஃபைட்டு" என்று அதன் பெயரையும் பிரிவையும் உருப்போடுகிறாய். இது படிப்பா?

எங்கள் தாவரவியல் ஆசிரியர் ஒரு மழை நாளில் மதில் சுவரிலிருந்து ஒரு சிட்டிகை மாஸைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, கை லென்ஸைக் கொடுத்தார். பச்சைச் செடியின் உச்சியில் முடிபோல் பழுப்புக் காம்பு, அதன் நுனியில் கவிழ்ந்த குடுவை. பச்சை ஒரு தலைமுறை, காம்பும் குடுவையும் அடுத்த தலைமுறை. அது தாயை விட்டு இறங்காமல் அவளிடமே உண்கிறது என்றார். அன்றுதான் சந்ததி மாற்றம் எனக்குப் புரிந்தது. பெரணியில் இது தலைகீழ். நாம் பார்க்கும் செடிதான் ஸ்போர்களை, அதாவது விதையல்லாத தூள்போன்ற வித்துகளை, உண்டாக்கும் தலைமுறை. மற்றது ஈர மண்ணில் நகத்தளவுகூட இல்லாத, முன்னுடலம் என்னும் பச்சைத் தகடாகத் தனியே வாழ்கிறது.

இரண்டிலும் ஆண் செல் நீரில் நீந்தித்தான் முட்டையை அடைய வேண்டும். மழையை விட்டால் அவற்றுக்குக் கதியில்லை. மலையாளத்தில் ஈந்து என்று சொல்லும் சைகஸ் ஒரு ஜிம்னோஸ்பெர்ம். அது விதை தருகிறது, மகரந்தம் பயணிக்க மழை வேண்டாம். ஆனாலும் சூலுக்குள் போனபின் அதன் ஆண் செல் நீந்துகிறது! 1896இல் ஜப்பானில் இக்கேனோ இதைக் கண்டார். பூக்கும் தாவரத்தில் அந்த நீச்சலும் நின்றுவிட்டது. மகரந்தக் குழாயே முட்டைவரை கொண்டுசேர்த்துவிடுகிறது. தம்பி, நீரை விட்டு விலகிய இந்த வழியைப் பிடித்துக்கொள், பிரிவுகள் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

விடுமுறையில் நெல்லியாம்பதிச் சாலையோரம் ஒரு பெரணி இலையைத் திருப்பிப் பார். ஸ்போர் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் ஓரத்தில் இருக்கின்றனவா, நரம்பை ஒட்டியா? வரைந்து அனுப்பு. நீட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம்.