ஹூக்ளிக் கரைச் சணல் ஊர்: வாசகர் கேள்வி – பதில்

கொல்கத்தாவின் வடக்கே, ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் டிட்டாகர் பற்றியும் அங்கே நெய்யப்படும் கோணி பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மூன்றேகால் சதுர கிலோமீட்டர் ஊரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் எப்படி வாழ்கிறார்கள்? ஏன் தள்ளிப்போய்க் குடியேறவில்லை? – திருப்பூர் வாசகர்

2011 கணக்கெடுப்பின்படி டிட்டாகரில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 36,000 பேர். அதே கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்துக்கு 26,000 சொச்சம்தான். ஏழைகள் இப்படித்தான் நெருக்கியடித்து வாழ்வார்கள் என்று பேசுவது அநியாயம். நெருக்கத்துக்கு முதல் காரணம் ஆலையின் ஷிப்ட் முறை.

சணல் ஆலைகளின் வழக்கமான நேரத்தைப் பாருங்கள். ஏ ஷிப்ட் காலை 6 முதல் 11 வரை, மறுபடி மதியம் 2 முதல் 5 வரை. பி ஷிப்ட் காலை 11 முதல் 2 வரை, பிறகு மாலை 5 முதல் இரவு 10 வரை. சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. ஏ, பி இரண்டிலும் எட்டு மணி நேர வேலை இரண்டு துண்டாக உடைகிறது. இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் குளித்து, சமைத்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண் அயர வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்தில் வீடு இருந்தால் அந்த இடைவேளை ரயிலிலேயே கழிந்துவிடும். அதனால் ஆலைச் சுவரை ஒட்டியே ‘லைன்’ வீடுகள் முளைத்தன: வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் ஒரே குழாய், ஷிப்ட் மாறும்போது ஒருவர் எழுந்த கட்டிலில் அடுத்தவர் படுக்கை.

ஆற்றின் எதிர்க்கரையில், ரிஷ்ராவில் 1855-ல் முதல் சணல் ஆலை வந்தது. இயந்திரம் ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து இறங்கியது. சரக்கையும் நிலக்கரியையும் படகில் கொண்டுவரலாம், முடிந்த சாக்கைக் கல்கத்தா துறைமுகத்துக்கு அனுப்பலாம் என்பதால் ஆலைகள் இரு கரையிலும் நீண்டன. 1862-ல் இந்தப் பக்கம் ரயிலும் வந்துவிட்டது. ஆட்கள் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம், ஒடிசா, ஆந்திரக் கடற்கரை என்று வெளியிலிருந்து வந்தவர்கள். கஞ்சம் மாவட்டம் 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்ததால் அங்கிருந்து போனவர்களுக்கும் ‘மதராஸி’ என்றே பெயர். தெலுங்குக் குடும்பங்கள் இன்றும் டிட்டாகரில் கணிசம்.

ஆலை வேலை சுருங்கியும் ஊர் கலையவில்லை. ‘பத்லி’ என்னும் மாற்றாள் வேலைக்கு ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் கேட்டில் நிற்க வேண்டும். வேலை கிடைக்காத நாளில் புறநகர் ரயில் ஏறிக் கொல்கத்தாவில் கூலி தேடலாம். இரண்டுக்கும் இங்கே இருந்தால்தான் முடியும்.

புதுக் கோணியில் மண்ணெண்ணெய் வாடை வருகிறதே, அரிசியில் ஏறுமா? – மன்னார்குடி வாசகி

ஏறும். சணல் நார் முரடானது. காய்ந்த நாரை இயந்திரத்தில் விட்டால் பொடிப்பொடியாக உடையும். அதற்காக ஆலையில் முதல் வேலையே எண்ணெய்க் குழம்பு தெளிப்பது. நூறு பங்கில் சுமார் 20 பங்கு எண்ணெய், மீதி தண்ணீர், இரண்டும் பிரியாமலிருக்க ஒரு பங்குக்கும் குறைவாகச் சவர்க்காரம் போன்ற பொருள். தெளித்த நாரை ஓரிரு நாள் அடுக்கி மூடி வைப்பார்கள். அடுக்கு உள்ளே சூடேறி நார் பதமாகும். கெட்டியான வேர்ப்பகுதிக்கு இன்னும் சில நாள் கூடுதல்.

இந்த எண்ணெய் வழக்கமாகப் பெட்ரோலியத்திலிருந்து வருவது. வாடை அதனுடையதுதான். எண்ணெயைத் தாராளமாக விட்டாலோ, மட்ட எண்ணெய் என்றாலோ வாடை தூக்கலாக இருக்கும். கலக்கிய தண்ணீர் உப்புத்தண்ணீராக இருந்தால் குழம்பு திரிந்து எண்ணெய் திட்டுத்திட்டாக நாரில் ஒட்டும். அந்தக் கோணியில் கறை தெரியும். ஈரத்தோடு பேல் (அழுத்திக் கட்டிய பொதி) கட்டினால் எண்ணெய் வாடையோடு பூஞ்சை வாடையும் சேரும்.

கோணியை உதறி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இரண்டு மூன்று நாள் வெயிலிலும் காற்றிலும் தனித்தனியாகக் கொடியில் போடுங்கள். அடுக்கி வைத்துக் காயவைப்பதில் பயனில்லை. துவைக்க வேண்டாம்: துணி சுருங்கும், பாவில் (நீளவாட்டு நூலில்) ஏறிய கஞ்சி போய்விடும், தையல் மடிப்பில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போட்டும் வாடை போகாத கோணியில் தேங்காய், எரு, விறகு கட்டலாம், அரிசி வேண்டாம்.

காபி, கொக்கோ, முந்திரி ஏற்றுமதி செய்பவர்கள் தாவர எண்ணெயில் செய்த கோணி என்று எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். தவிட்டு எண்ணெய் இதற்குப் பயன்படுகிறது. சவர்க்காரமாக மாறாத எண்ணெய்ப் பொருள் (பெட்ரோலிய எண்ணெய் இந்த வகை) ஒரு கிலோ கோணிக்கு 1,250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டு அளவு. சோதனைச் சான்றிதழில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

புளியங்கொட்டை மாவு சணல் ஆலைக்குப் போகிறது என்கிறார்களே? – தருமபுரி வாசகர்

உண்மை. கைத்தறிக்காரர்கள் பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவது எதற்கோ அதே வேலைக்குத்தான். சணல் நூலில் பிசிறு அதிகம். அந்தப் பிசிறு தறியின் அச்சில் (பாவு நூல்கள் நுழைந்து வரும் சீப்பு) சிக்கினால் இழை அறும், தறி நிற்கும். புளியங்கொட்டைக் கஞ்சி பிசிறை நூலோடு ஒட்டிப் படியவைக்கிறது. மாவுச்சத்துக் கஞ்சிகளைவிட மலிவு.

கொட்டையை வறுத்து, சிவப்புத் தோலை நீக்கி, வெள்ளைப் பருப்பை மட்டும் அரைக்க வேண்டும். தோல் கலந்தால் கஞ்சி நிறம் மாறும், நறநறக்கும். வறுவல் கூடினால் ஒட்டும் தன்மை போய்விடும். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகுதான் நீராவியில் காய்ச்ச வேண்டும். நேரே வெந்நீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாக நிற்கும் உருண்டைகள் விழும். கஞ்சி சீக்கிரம் புளிக்கும் என்பதால் கெடாமலிருக்க மருந்து சேர்ப்பார்கள். மாவு வண்டு பிடிக்கும். மழைக்காலத்தில் அதிக நாள் இருப்பு வைக்காதீர்கள்.

50 கிலோ கோணி சரியான தரமா என்று எப்படிப் பார்ப்பது? – சிந்தாமணி நெல் வியாபாரி

உணவு தானியத்துக்கான 50 கிலோ கோணி 94 செ.மீ. நீளம், 57 செ.மீ. அகலம், 580 கிராம் எடை. ஒரு பேலில் 500 கோணி. ஒன்றை மட்டும் நிறுத்துப் பார்க்காதீர்கள். பத்தைச் சேர்த்து நிறுத்தால் 5.8 கிலோ வர வேண்டும். பேலின் மேலே, நடுவே, அடியில் என்று பிரித்து எடுங்கள். சணல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைநாளில் எடை சரியாக இருந்தால் அதை நம்பிவிடாமல் காயவைத்து மறுபடி நிறுங்கள். எடை வெகுவாக இறங்கினால் நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

பிறகு தையல். அடிப்பக்கம் மடிப்பு, இரு பக்கமும் தையல். கிழிசல் பெரும்பாலும் அடி மூலையில்தான் தொடங்கும். மூலையில் விரலை விட்டு இழுத்துப் பாருங்கள். தையல் துணியின் ஓரத்துக்கு மிக அருகே ஓடியிருந்தால் இழை நழுவிவிடும். நல்ல கோணியையும் கெடுப்பது சுமைக் கொக்கி. பாவும் ஊடையும் (குறுக்கு நூல்) விலகிய இடத்தில் நெல் சிந்திக்கொண்டே போகும்.

ஆலைகள் அடிக்கடி மூடுவது ஏன்? – மதுரை வாசகர்

1947 பிரிவினையில் ஆலைகள் இந்தியாவிலும், நல்ல சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்திலும் போயின. பிறகு இங்கேயே சாகுபடி பெருகியது. ஆனாலும் அறுவடை ஜூலை முதல் செப்டம்பர் வரைதான். அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கச்சாச் சணல் வரத்து குறையும். 2021 செப்டம்பரில் கச்சாச் சணல் குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என்று அரசு உச்சவிலை வைத்தபோது அந்த விலைக்குச் சந்தையில் சரக்கு கிடைக்கவில்லை. பல ஆலைகள் வேலையை நிறுத்தின. 2022 மே மாதம் அந்த உச்சவிலை விலக்கப்பட்டது. தானியத்துக்குச் சணல் பையைக் கட்டாயமாக்கும் 1987-ம் ஆண்டுச் சட்டம்தான் ஆலைகளைத் தாங்குகிறது. நிறுத்த அறிவிப்பு கேட்டில் ஒட்டப்படும் காலையில் முதலில் பாதிக்கப்படுபவர் பத்லி தொழிலாளி. இதைத் தொழில் நெருக்கடி என்று மட்டும் எழுதினால் போதாது.

டிட்டாகருக்குப் போனால் என்ன பார்க்கலாம்? – புதுச்சேரி வாசகி

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தில் பராக்பூர் லோக்கல் ஏறினால் சோதேப்பூர், கர்தா, அடுத்து டிட்டாகர். காலை எட்டு முதல் பத்து வரை கொல்கத்தா நோக்கி வரும் வண்டிகளில் நிற்கவும் இடமிருக்காது; எதிர்த்திசையில் போவது சுலபம். ஆலைக்குள் அனுமதியின்றி விடமாட்டார்கள். அன்னை தெரசாவின் சகோதரிகள் உடுத்தும் நீலக் கரைச் சேலைகள் இங்குள்ள காந்திஜி பிரேம் நிவாஸில், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் கைத்தறியில் நெய்யப்படுபவை. அடுத்த நிலையமான பராக்பூர் போய் தோபி காட்டில் படகேறினால் எதிர்க்கரையில் செராம்பூர். நம் தரங்கம்பாடியைப் போலவே டேனியர்களிடம் இருந்து, அதே 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட ஊர் அது.