மலர்க்காட்சியில் கொடுத்த விசிட்டிங் கார்டு

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) எழுதுகிறேன். நீங்கள் எழுதுவதை ஐந்து வருடமாகப் படிக்கிறேன், உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பதினாறு முடிந்துவிட்டது. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். வகுப்பில் எப்போதும் கடைசி பெஞ்ச், பஸ்ஸில் கிண்டல். மே மாதம் ஊட்டி மலர்க்காட்சிக்குப் போனபோது ஒரு அம்மா அவளைப் பார்த்துவிட்டு வந்து பேசினார். மும்பையில் மாடல் ஏஜென்சி வைத்திருக்கிறார்களாம். கார்டு கொடுத்தார். இப்போது தினமும் வாட்ஸப்பில் மெசேஜ். மூன்று வருட அக்ரிமெண்ட், அதற்கு முன்னால் போர்ட்ஃபோலியோ (வேலை கேட்கக் காட்டும் படத் தொகுப்பு) எடுக்க அறுபதாயிரம் கட்ட வேண்டும் என்கிறார். "லண்டன் மாடல் கேட் மாஸ் பதினாலு வயசுல ஆரம்பிச்சவங்க, உங்க பொண்ணுக்கு இப்பவே லேட்" என்கிறார்.

வீட்டுக்காரர் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார். என் தம்பியோ, "சாய் பல்லவி நம்ம கோத்தகிரிதானே, அவங்க வீட்ல இப்படிச் சொல்லியிருந்தா?" என்று கேட்கிறான். பச்சைத் தேயிலை விலை என்ன நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. இந்த வயதில் தொடங்குகிற பெண்களுக்கு உண்மையில் என்னதான் நடக்கிறது?

எம். (பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள எம்,

அறுபதாயிரத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். ஏஜென்சி என்றால் மாடலுக்கு வேலை பிடித்துக் கொடுத்து, வரும் சம்பளத்தில் கமிஷன் எடுத்துக்கொள்ளும் இடம். பணம் அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். நல்ல ஏஜென்சிகள் முதலில் கேட்பது ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால், மேக்கப் இல்லாமல், முடியை இழுத்துக் கட்டி எடுத்த நாலைந்து படங்கள். உங்கள் தம்பியின் போன் போதும். படம் எடுக்கவே பணம் கேட்பவருக்கு உங்கள் மகள் மாடல் இல்லை, கஸ்டமர்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. சாய் பல்லவி பிறந்தது கோத்தகிரி, வளர்ந்தது கோயம்புத்தூர். ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படித்தார். பிரேமம் படம் வெளிவந்தபோது அவருக்கு 23 வயது. சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை அவர் வேண்டாம் என்று சொன்னது அதற்கும் பிறகு. பதினாறு வயதில் அதே விளம்பரம் வந்திருந்தால் பதில் சொல்லியிருக்க வேண்டியவர் அவர் இல்லை, அவர் வீட்டார்.

மும்பை அம்மா சொன்ன கேட் மாஸ் கதைக்கு வருகிறேன். அவர் சொன்னது பொய்யில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்.

1988. தெற்கு லண்டனில் கிராய்டன் பெண். பஹாமாஸில் விடுமுறை முடிந்து குடும்பத்தோடு திரும்பும்போது நியூயார்க் விமான நிலையத்தில் ஸ்டார்ம் ஏஜென்சியின் சாரா டூகாஸ் கண்ணில் பட்டார். வயது 14. இரண்டு வருடத்தில் தி ஃபேஸ் பத்திரிகையின் அட்டை. 1992இல் கால்வின் கிளைன் உடை நிறுவனத்தின் விளம்பரம். அந்த அம்மா இதுவரைதான் சொல்லியிருப்பார். பின்னாளில் கேட் மாஸ் தானே பேட்டிகளில் சொன்னவை வேறு. பதினைந்து வயதில் உள்ளாடை கேட்டலாக் ஒன்றுக்காகப் போன இடத்தில் ஒரு ஆள் கேட்டது சரியாகப் படாமல், தன் சாமான்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அந்த கால்வின் கிளைன் வேலைக்கு முன்னால் ஒன்றிரண்டு வாரம் பதற்றத்தில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. உலகமே பார்த்த அந்தப் படத்துக்குப் பின்னால் படத்தில் இருந்தவளின் நிலை அது.

2016இல் அவர் சொந்தமாக ஏஜென்சி தொடங்கினார். தன் மாடல்களோடு படப்பிடிப்புக்கு ஏஜென்சி ஆளும் போவார், எல்லை மீறினால் "இது சரியில்லை" என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும் என்று 2022இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். முப்பது வருடத் தொழில் அனுபவத்திலிருந்து அவர் எடுத்த ஏற்பாடு இது. அழகுக் குறிப்போ நடைப் பயிற்சியோ இல்லை, கூடப் போக ஒரு ஆள்.

ஏன் இந்தத் தொழில் இவ்வளவு சின்னப் பெண்களைத் தேடுகிறது? கொடூரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். காரணம் தையல் மேசையில் இருக்கிறது. விற்பனைக்கு வரும் முன் ஒரு உடையை ஒரே ஒரு அளவில் மாதிரியாகத் தைக்கிறார்கள். அந்த மாதிரிக்குள் யார் நுழைகிறார்களோ அவர்கள்தான் மேடையில் நடக்க முடியும். உயரம் பெரியவளுடையது, இடுப்பு சிறுமியுடையது. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது பதினைந்து, பதினாறில்தான், அதுவும் சிலருக்கு மட்டும். பதினெட்டில் இடுப்பு இயல்பாக அகலும். நம் வீட்டில் "பொண்ணு பூசினாப்பல ஆயிட்டா" என்று பாட்டி சந்தோஷப்படுவாள். அங்கே இன்ச் டேப்போடு வந்து நிற்பார்கள். வளர்ந்ததுதான் அவள் செய்த தப்பு.

பிரேசில் மாடல் ஆனா கரோலினா ரெஸ்டன் 13 வயதில் உள்ளூர் அழகிப் போட்டியில் தொடங்கியவர். 2006 நவம்பரில் உணவை ஒதுக்கும் நோயால் இறந்தபோது வயது 21, எடை சுமார் 40 கிலோ. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. லண்டன் மாடல் ட்விக்கி 1966இல் பதினாறு வயதில் புகழ் பெற்று, நாலே வருடத்தில் போதும் என்று விட்டுவிட்டு நடிக்கப் போய் நன்றாகவே வாழ்ந்தார். ஆனாலும் ரெஸ்டனுடையது போன்ற சாவுகளுக்குப் பிறகுதான் விதிகள் மெல்ல வந்தன. 16 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று வோக் ஃபேஷன் பத்திரிகைகள் 2012இல் சொல்லின, பெரிய பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனங்களான எல்விஎம்எச்சும் கெரிங்கும் 2017இல் சொல்லின. பெரியவர்களுக்கான உடைக்கு 18 நிறைந்தவர்கள் மட்டும் என்று கெரிங் 2019இல் அறிவித்தது. "இப்பவே லேட்" என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நானும் மாடலாக இருந்திருக்கிறேன், ஒரே ஒரு காலைப் பொழுது. சிரிக்காதீர்கள். பதினேழு வயது. அப்பா குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். தேயிலை பாக்கெட்டுக்குப் படம் எடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள். நிரையில் முப்பது பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் பிடிக்கவில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னைப் பிடித்துவிட்டது. யாருடைய புடவையையோ கட்டிவிட்டு, கூடையைத் தோளில் மாட்டி நிறுத்தினார்கள். ஃபிரேமை விட்டு விலகச் சொன்ன பெண்களில் ஒரு பாட்டி, "கூடைக் கயிறு தலையில மாட்டணும் பாப்பா, இப்படிப் போட்டா கால் கிலோ எடுக்க மாட்டே" என்றாள். போட்டோகிராஃபர் காதில் விழவில்லை. இருநூறு ரூபாய், இரண்டு பாக்கெட் தேயிலை. ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் அப்பா கையெழுத்துப் போட்டார். பெரிய இடத்து ஆட்களிடம் என்ன கேட்பது என்ற கூச்சம் அவருக்கு.

பன்னிரண்டு வருடம் கழித்து மேட்டுப்பாளையத்தில் ஒரு மளிகைக் கடை. என் மகன் பாக்கெட்டைக் காட்டி, "இந்த அக்கா யாரும்மா?" என்றான்.

அதனால் கையெழுத்துப் பற்றிப் பேசுகிறேன். 18 நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. 1903 மொஹோரி பீபி வழக்கிலிருந்து அதுதான் நிலை. எனவே தாளை உங்கள் முன்னால்தான் நீட்டுவார்கள். எந்தப் படம், எத்தனை வருடம், எந்தெந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மும்பையில் தங்கும் வாடகை யார் கணக்கில்? பல இடங்களில் அதையும் டிக்கெட்டையும் சம்பளத்தில் கழிப்பார்கள், முதல் வருடம் முடியும்போது பெண் கடனில் நிற்பாள். நடுவில் விலக வழி உண்டா?

குழந்தைக் கலைஞர்களுக்கு 2017இல் வந்த விதிகள் நல்ல விதிகள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஓய்வு, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி டெபாசிட். ஆனால் அவை 14 வயது நிறையாதவர்களுக்கு. உங்கள் மகள் அந்த வேலியைத் தாண்டிவிட்டாள், பதினெட்டுக்கு இன்னும் வரவில்லை. அந்த விதிகளையே அக்ரிமெண்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். படப்பிடிப்புக்கு நீங்களோ தம்பியோ கூட வருவீர்கள் என்பதையும் சேர்த்து. அதற்கு என்ன பதில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் பக்கம் நான் முழுதாக இல்லை. பேச்சையே எடுக்கக் கூடாது என்றால், பஸ்ஸில் கிண்டலுக்கு ஆன உயரத்தை ஒருவர் முதல் முறையாக அழகு என்று சொன்னதை அந்தப் பெண் யாரிடம் பேசுவாள்? தினமும் மெசேஜ் அனுப்புகிற அந்த அம்மாவிடம்தான். அந்த மெசேஜ் உங்கள் போனுக்கு வருகிறதா, அவள் போனுக்கா?

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டுக்காரர் பேசுகிறார், தம்பி பேசுகிறான், மும்பை அம்மா பேசுகிறார். அவளுடைய உயரம் இருக்கிறது, வயது இருக்கிறது, அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தை அவளை எழுதச் சொல்லுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் ஆடியோவில் பேசி அனுப்பட்டும். அதை நான் இங்கே வெளியிட மாட்டேன்.